புதுப் போதகர் வந்திருக்கிறார்



ஆண்டுக் கடைசி நெருங்கினால் பேராக்கிலுள்ள தமிழ்ச் சபைகளில் கிறிஸ்துமஸ் பலகாரப் பேச்சுக்கு முன்னாலேயே இன்னொரு பேச்சு கிளம்பிவிடும். "நம்ம பாஸ்டருக்கு மாற்றமாமே?" என்று ஒருவர் கேட்பார். "யார் சொன்னா?" என்பார் மற்றவர். அவருக்கும் அது முன்பே தெரிந்திருக்கும். மாநாட்டில் பட்டியல் வாசிக்கும்வரை எதுவும் உறுதியில்லை என்று பாஸ்டர் சிரித்து மழுப்புவார். போதகரம்மாவோ மளிகைக் கடையில் காலி அட்டைப்பெட்டி கேட்டு வாங்க ஆரம்பித்திருப்பார். விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பெட்டிகளைப் பார்த்தே முடிவு கட்டிவிடுவார்கள்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தமிழ்ப்பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வரும்போது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டிலிருந்து வந்த குருக்களின் வேலை அனுமதி முடிந்து அடுத்தவர் வரும்போது கோயில் கமிட்டியில் என்ன நடக்கிறது? ஏறக்குறைய அதே கதைதான் சபையிலும். பழையவருக்கு மாலை, புதியவருக்கு எடைக்கல்.

மெதடிஸ்ட் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போதகரைச் சபை தேடிப் பிடிப்பதில்லை, போதகரும் சபையைத் தேடிப் போவதில்லை. ஆண்டு மாநாட்டில் நியமனப் பட்டியல் வாசிக்கப்படும், பெயர் எந்த ஊரோடு வருகிறதோ அந்த ஊருக்குப் போக வேண்டும். மலாயாவில் அந்தச் சபை முளைத்ததே இப்படி ஒரு பட்டியலில்தான். வில்லியம் ஓல்டம் 1854-இல் பெங்களூரில் பிறந்தவர், நில அளவையாளராக வேலை பார்த்தவர். அமெரிக்காவில் படிப்பை முடித்துக்கொண்டு மனைவி மேரியோடு கப்பலில் இந்தியா திரும்புகிறார். பம்பாயில் இறங்கியபோது அவருக்குச் செய்தி காத்திருந்தது. ஐதராபாத்தில் கூடிய தென்னிந்திய மாநாட்டில், அவர் இல்லாத நேரத்திலேயே, அவர் பெயரைச் சிங்கப்பூருக்கு நேராக எழுதிவிட்டார்கள். அங்கே மெதடிஸ்ட் சபை என்று ஒன்று அப்போது கிடையாது. ஆள் கிடையாது, கட்டடம் கிடையாது, சம்பளத்துக்கு வழியும் கிடையாது. 1885 பிப்ரவரி 7-ஆம் தேதி தோபர்ன் என்ற மூத்த மிஷனரியோடு போய் இறங்கினார். அடுத்த ஆண்டு 13 பையன்களோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய ஆங்கிலோ சீனப் பள்ளி. நான்கே ஆண்டில் உடம்புக்கு முடியாமல் ஓல்டம் சிங்கப்பூரை விட்டார். அவர் தொடங்கியதை வேறு ஆட்கள் வடக்கே கொண்டுவந்தார்கள். 1895-இல் ஹோர்லி என்ற மிஷனரி ஈப்போ வந்தார். 1903-இல் காம்பாரிலும் ஓர் ஆங்கிலோ சீனப் பள்ளி எழுந்துவிட்டது.

ஏன் இப்படி ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள்? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஏற்பாடு அது. ஓர் ஆள் ஓராண்டு முழுக்க ஒரே இடத்தில் பிரசங்கம் செய்தால் கேட்பவர்களும் தூங்கிவிடுவார்கள், பிரசங்கியாரும் தூங்கிவிடுவார் என்று அவர் நம்பினார். தம் மறைவுக்குப் பிறகும் இது நீடிக்க வேண்டுமென்று 1784-இல் எழுதிவைத்த சட்டபூர்வமான பத்திரத்தில், ஒரே ஆலயத்தில் தொடர்ந்து மூன்றாண்டுக்கு மேல் ஒருவரை நியமிக்கக்கூடாது என்று சேர்த்தார். இங்கிலாந்து திருச்சபையின் குருமார்களுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்க மெதடிஸ்டுகள் இன்னும் கறார். 1804-இல் இரண்டே ஆண்டு என்று வைத்தார்கள், 1864-இல் மூன்றாக்கினார்கள், 1888-இல் ஐந்தாக்கினார்கள், 1900-இல்தான் வரம்பையே எடுத்தார்கள். நூறு ஆண்டாக இழுத்த இழுபறியைப் பார்த்தால், எத்தனை காலம் என்பதற்கு அவர்களுக்கே திருப்தியான விடை கிடைக்கவில்லை என்று தோன்றுகிறது.

வெஸ்லி குதிரையில் போனவர், அவருக்கு ஊர்தான் மாறும். நம் பேராக்கில் கதை வேறு. இங்கே போதகர் நகர்ந்ததைவிட மந்தைதான் அதிகம் நகர்ந்திருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பதிவேடு. காம்பாரில் ஒரு தமிழ்ச் சபைக்குப் புதிதாக வந்த போதகரின் வரவேற்பு ஆராதனைக்குப் போயிருந்தேன். காம்பாரைத் தெரியாதவர்களுக்கு: ஈப்போவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர், பூஜாங் மலாக்கா மலையின் அடிவாரம், பழைய ஈய ஊர். மேற்கே எங்கு திரும்பினாலும் ஈயம் எடுக்கத் தோண்டிவிட்ட குட்டைகள். ஆராதனை முடிந்து மீகூன் கோரெங்கும் கேசரியும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், புதுப் போதகர் என்னைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டுப் போய் உறுப்பினர் பதிவேட்டைக் காட்டினார். கெட்டி அட்டை போட்ட நீளமான பழைய நோட்டு. முகவரிப் பத்தியில் நீல மையில் ஒரு தோட்டத்தின் பெயர், லயத்தின் எண். அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் இன்னொரு தோட்டம். அதன்மேலும் கோடு. பிறகு ஒரு தாமான், பால்பாயிண்ட் பேனாவில். அதற்கும் கீழே பென்சிலில் பூச்சோங், கிள்ளான், ஜொகூர் பாரு. சில பெயர்களுக்கு எதிரே முகவரியே இல்லை, "இந்தியா" என்று மட்டும் இருந்தது.

அந்த ஒற்றை வார்த்தை பெரும்பாலும் 1969, 1970 வாக்கில் எழுதியது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று வந்தபோது, பால்மரம் சீவியே காலம் கழித்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேறின. அதற்கு முந்தைய கோடுகள் தோட்டத் துண்டாடல் காலத்தவை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு நாமே தோட்டம் வாங்குவோம் என்று சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது 1960-இல். அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டியதில்லை. 1985-இல் ஈய விலை சரிந்து காம்பார் டவுனே வெறிச்சோடியது. இத்தனையும் அந்த நோட்டில் கோடுகளாகக் கிடக்கின்றன. எழுதியவர்கள் யாரும் வரலாறு எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். யாருக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"வந்த முதல் வாரம் பிரசங்கம்கூடத் தயார் பண்ணலங்க. இதைத்தான் படிச்சேன்" என்றார் போதகர். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அங்கேதான்.

பதிவேட்டைப் பார்த்ததும் நெல்லைச் சீமைப் பாளையங்கோட்டை நினைவு வந்தது. தஞ்சாவூரிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த கோகிலா என்ற பிராமண விதவை, 1778-இல் ஸ்வார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரியிடம் திருமுழுக்குப் பெற்றுக் குளோரிந்தா ஆனார். 1780-இல் அந்தச் சிறு கூட்டத்தின் பெயர்களை எழுதியபோது மொத்தம் 40 பேர். நெல்லைச் சீமையின் சீர்திருத்தக் கிறிஸ்தவம் அந்த நாற்பது பெயரில்தான் ஆரம்பம். 1785-இல் அந்த அம்மாளின் முயற்சியில் எழுந்த ஆலயத்தை ஸ்வார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். ஊர் இன்றும் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறது. நம் கதைக்கு வேண்டியவர் அதற்கப்புறம்தான் வருகிறார். தஞ்சாவூரில் உபதேசியாராக இருந்த சத்தியநாதன், 1790 டிசம்பர் 26-இல் குருப்பட்டம் பெற்று நெல்லைச் சீமைச் சபைக்குப் போதகரானார். அவர் போதகராகும்போது ஆலயம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. நடத்திக்கொண்டிருந்த ஆட்கள் இருந்தார்கள். ஓர் அம்மாள் தம் கைப்பணத்தையும் வாழ்நாளையும் போட்டு உண்டாக்கிய சபையில், பட்டம் பெற்ற ஒருவர் வந்து பலிபீடத்தின்முன் நிற்கிறார். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை யார் யாருக்கு வழி காட்டியிருப்பார்கள்?

எந்தப் புதுப் போதகரும் இந்த நிலையில்தான் வருகிறார் என்பது என் எண்ணம். அவர் வருவதற்கு முன்பே சபை இருந்தது. பேராக்கின் தோட்டங்களில் இது இன்னும் பச்சையான உண்மை. ஒரு போதகர் பல தோட்டங்களைச் சுற்றி வர வேண்டியிருந்த காலத்தில், எல்லா ஞாயிறும் அவரை எதிர்பார்க்க முடியாது. ஜெபக்கூட்டம் கிராணியார் வீட்டுத் திண்ணையிலோ ஆயக்கொட்டகையிலோ நடக்கும். நடத்துபவர் பகலில் மரம் சீவுகிறவராகவோ பள்ளிக்கூட வாத்தியாராகவோ இருப்பார். பிள்ளை பிறந்தால் ஜெபம் பண்ணுவதும், சாவு விழுந்தால் குழிமேட்டில் நிற்பதும் அவர்தான். போதகர் திருவிருந்துக்கும் திருமுழுக்குக்கும் வந்து போவார். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் கம்பிவேலியும் ஊரடங்கும் வந்து, காம்பார் வட்டாரத்தில் சாலையில் போகவே பயந்த ஆண்டுகளில், அந்த வருகையும் நிச்சயமில்லாமல் போனது. சபை நின்றுவிடவில்லை.

1960-களின் இறுதியில் வெளிநாட்டு மிஷனரிகளுக்குப் பத்தாண்டு என்று அரசாங்கம் வரம்பு கட்டியபோது பலர் கையைப் பிசைந்தார்கள். பின்னோக்கிப் பார்த்தால் அது நல்லதுக்கே நடந்தது என்பேன். 1968-இல் மலேசியா சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபை தன்னாட்சி பெற்று, யாப் கிம் ஹாவ் முதல் ஆசியப் பேராயரானார். அதே ஆண்டில் தமிழ் ஆண்டு மாநாடும் தனியாக அமைந்தது. 1979-இல் மலேசிய இறையியல் கல்லூரி வந்த பிறகு, நம் பிள்ளைகள் இங்கேயே படித்துப் போதகராக வழி பிறந்தது. இன்று காம்பாருக்கு நியமனமாகி வருகிறவருக்குத் தோட்டம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அவருடைய பாட்டியும் பால்வாளி தூக்கியவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாலையும் பொன்னாடையும் முடிந்த பின், வயதான ஓர் அம்மா சாவிக்கொத்தோடு போதகரிடம் வந்தார். ஒவ்வொரு சாவியிலும் பிளாஸ்திரித் துணி சுற்றிப் பேனாவில் எழுதியிருந்தது. "இது பின்கதவு பாஸ்டர். கதவைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சுதான் திருப்பணும். இது பெட்டகம். இது எதுக்குன்னு எனக்கும் தெரியாது, ஆனா போட்றாதீங்க." போதகர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "நீங்களே வச்சிருங்கம்மா. எனக்கு ஒரு சாவி அடிச்சுக் கொடுங்க போதும்." பக்கத்திலிருந்த செயலாளரின் முகம் கொஞ்சம் மாறியது. செயலாளருக்கு வேறு திட்டம் இருந்திருக்கலாம். அந்த அம்மா அன்று சாப்பிட்ட எல்லோருக்கும் இரண்டாம் தடவை கேசரி வைத்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. நான் போதகன் அல்ல, ஈப்போவில் உட்கார்ந்து பத்திரிகை நடத்துகிறவன், அதனால் இதை வாசகர் கடிதம்போல் எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதம் ஆராதனை நேரத்தை மாற்றாதீர்கள். ஆர்மோனியத்தை மூலையில் தள்ளிக் கீபோர்டைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். வீடு வீடாகப் போங்கள். "பசியாறியாச்சா பாஸ்டர்?" என்று கேட்கும் வீட்டில் இல்லையென்றே சொல்லுங்கள். ஒரு தோசைக்குள் அந்தக் குடும்பத்தின் முப்பது வருடக் கதை வந்துவிடும், எந்தக் கூட்டக் குறிப்பிலும் அது கிடைக்காது.

போகிறவர்களுக்கும் உண்டு. லோரி ஏறிய பிறகு பழைய சபையின் வாட்ஸ்அப் குழுவில் இருக்காதீர்கள். பாசம் புரிகிறது, பத்து வருடத் தொடர்பு. ஆனால் புதியவர் ஓர் அறிவிப்புப் போட்டதும் நீங்கள் ஒரு கைகூப்பும் படம் போட்டால், "நம்ம பாஸ்டரே ஒத்துக்கிட்டாரு" என்று நான்கு பேர் சொல்வார்கள். நீங்கள் எதுவும் போடாவிட்டால், "பாத்தீங்களா, அவருக்கே புடிக்கல" என்று வேறு நான்கு பேர் சொல்வார்கள். கல்யாணமோ சாவோ, புதுப் போதகர் அழைத்தால் வந்து ஓரமாக நில்லுங்கள். அழைப்பு அவரிடமிருந்துதான் வர வேண்டும்.

இந்த மாற்றத்தில் யாருமே கேட்காத ஆட்கள் போதகர் வீட்டுப் பிள்ளைகள். பெருந்தொற்றுக்குப் பிறகு நம் பள்ளி ஆண்டு மார்ச்சுக்குத் தள்ளிப்போன காலத்தில், ஜனவரியில் ஊர் மாறிய பிள்ளைகள் பள்ளி ஆண்டு முடியப்போகிற நேரத்தில் புது வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டதில் யாருக்கு நிம்மதியோ இல்லையோ, இந்தப் பிள்ளைகளுக்கு நிம்மதி. அவர்களை முதல் ஞாயிறே மேடையேற்றிப் பாட்டுப் பாடச் சொல்லாதீர்கள். விளையாடக் கூட்டிப் போங்கள்.

நியமனப் பட்டியல் என்பதே இல்லாத சபைகளும் நம்மிடையே நிறைய. ஒருவர் கடைவீட்டு மாடியில் தொடங்கி, நாற்காலி நாற்காலியாகச் சேர்த்து வளர்த்த சுயாதீனச் சபைகள். அங்கே தொடங்கியவருக்கு மாற்றமே கிடையாது, மூப்பு மட்டும் உண்டு. அவருக்குப் பின் யார் என்ற கேள்வியை வீட்டு முற்றத்தில்கூட எழுப்ப முடியாமல் தவிக்கும் சபைகளை நானறிவேன். மகன் வரலாம், தப்பில்லை. ஆனால் சபையாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் அவருக்கே நல்லது. வெஸ்லியின் பத்திரம் கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான். ஆனாலும் ஒருவரின் சொத்தாகச் சபை மாறிவிடாமல் அது பார்த்துக்கொண்டது.

காம்பார் போதகருக்கு இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. 2007-இல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் வளாகம் அங்கே வந்த பிறகு, செத்துக்கொண்டிருந்த ஊருக்கு உயிர் வந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், ஆனால் நம் பிள்ளைகளும் கெடாவிலிருந்தும் சிலாங்கூரிலிருந்தும் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் உட்கார்ந்து, மூன்றோ நான்கோ ஆண்டில் பட்டத்தோடு போய்விடுவார்கள். முன்வரிசையில் தோட்டத்திலிருந்து வந்து வேரூன்றிய பாட்டிகள், பின்வரிசையில் விடுதிப் பிள்ளைகள். நடுவரிசையில் இருக்க வேண்டிய நாற்பது வயதுக்காரர்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். பின்வரிசைக்குத் தமிழ்ப் பிரசங்கத்தில் பாதி புரிவதில்லை, முன்வரிசைக்கு ஆங்கிலப் பாட்டு ஒன்றும் பிடிப்பதில்லை. ஒரே போதகர் இரண்டு சபைக்கு வந்ததுபோலத்தான்.

"என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டேன். பின்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேரை, பதிவேட்டிலுள்ள பெயர்களைக் கணினியில் ஏற்ற உட்கார வைத்திருக்கிறாராம். பக்கத்தில் அந்தச் சாவிக்கொத்து அம்மா. பிள்ளை ஒரு பெயரை வாசிக்கும், அவர் உயிரோடு இருக்கிறாரா, எந்த ஊரில் யார் வீட்டில் என்று அம்மா சொல்வார். "நேத்து மூணு மணி நேரத்துல ஏழு பேருதான் ஏத்தியிருக்காங்க" என்று சிரித்தார். கதை கேட்கத் தொடங்கிவிட்டால் வேலை அப்படித்தான் போகும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்பெங், மாலிம் நாவார், தெமோ, தாப்பா, பீடோர், பத்து காஜா வட்டாரத் தோட்டங்களில் போதகர் இல்லாத ஞாயிறுகளில் ஜெபக்கூட்டம் நடத்திய உபதேசியார்கள், ஓய்வுநாள் பள்ளி நடத்திய அக்காமார்கள், ஆலயத்தின் சாவியை வைத்திருந்தவர்கள் பற்றி உங்கள் வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். கோயில் கமிட்டிக்காரர்களும் எழுதலாம், பூசாரி வராத நாளில் விளக்கேற்றியவர் யார் என்று. தோட்டத்தின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, அவர் என்ன வேலை பார்த்தார் என்று இருந்தால் போதும், நடை எப்படியிருந்தாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பழைய படங்கள் இருந்தால் அசலைத் தபாலில் போடாதீர்கள், கைபேசியில் வெளிச்சத்தில் வைத்து எடுத்து அனுப்புங்கள். படத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்